லீஷ்மேனியா புண்ணுக்குச் சிவப்பு லேசர்: எப்போது, எவ்வளவு, எங்கே பிசகும்

மணல் ஈ கடித்துத் தொற்றும் லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணி தோலில் உண்டாக்கும் புண்ணுக்குக் குறைந்த ஆற்றல் லேசர் காட்டலாமா என்று கேட்டால், காட்டலாம். ஆனால் எதற்காகக் காட்டுகிறோம் என்பதில் குழப்பம் இருக்கக் கூடாது. அந்த வெளிச்சம் ஒட்டுண்ணியைக் கொல்வதில்லை. கொல்வதற்கு மருந்து இருக்கிறது, சூட்டு சிகிச்சை இருக்கிறது, திரவ நைட்ரஜன் இருக்கிறது. அவை தம் வேலையைச் செய்த பிறகும் சில புண்கள் மூடாமல் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடக்கும். லேசருக்கு இடம் அங்கேதான். வரிசையை மாற்றி, மருந்துக்குப் பதிலாக வெளிச்சம் என்று ஆரம்பித்தால் மேல்தோல் மூடியதுபோல் தெரியும், அடியில் கட்டி அப்படியே இருக்கும்.

புண்ணையே முதலில் கிட்டத்தில் பார்த்துவிடுவோம். எங்கே வெளிச்சம் படவேண்டும் என்பது அதிலிருந்துதான் வருகிறது. 2, 3 மில்லிமீட்டர் நீளமுள்ள மணல் ஈ கடித்து சில வாரங்களிலோ சில மாதங்களிலோ அந்த இடத்தில் ஒரு சிறு பரு எழும். பெரும்பாலும் வலி இருக்காது. அது முடிச்சாகப் பெருத்து, நடுவில் பொருக்கு கட்டும். பொருக்கை நனைத்து எடுத்தால் அடியில் சிவந்த, மணல்மணலான குழி. சுற்றிலும் வயலுக்கு வரப்பு கட்டியதுபோல் உயர்ந்த, கெட்டியான விளிம்பு. கையுறை போட்ட இரண்டு விரலால் விளிம்புக்கு வெளியே மெல்லக் கிள்ளிப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியும் புண்ணைத் தாண்டியும் தடிப்பு ஓடியிருப்பது தெரியும். ஒட்டுண்ணியின் குடியிருப்பு முக்கியமாக அந்த விளிம்பில்தான். 2 முதல் 4 மைக்ரான் அளவுள்ள வால் இல்லாத உருவமாக, கிருமிகளை விழுங்க வேண்டிய நம் உடம்பின் மேக்ரோஃபேஜ் செல்களுக்குள்ளேயே உட்கார்ந்து பெருகுகிறது. பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும்போதும் குழியின் நடுவில் சுரண்டாமல் விளிம்பில் கீறி எடுப்பது இதனால்தான். நடுவில் கிடைப்பது பெரும்பாலும் செத்த திசுவும் பாக்டீரியாவும்.

இனி வெளிச்சம். 1967-ல் புடாபெஸ்ட்டில் எண்ட்ரே மெஸ்டர் ரோமம் மழித்த எலிகள் மேல் 694 நானோமீட்டர் ரூபி லேசரைப் பலவீனமாகப் பாய்ச்சியபோது, அந்த இடத்தில் ரோமம் சீக்கிரம் முளைத்ததைக் கவனித்தார். இந்தத் துறை அங்கே தொடங்குகிறது. இன்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்படும் விளக்கம் இது: சிவப்பையும் அண்மை அகச்சிவப்பையும் செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதி உறிஞ்சுகிறது. அதைப் பிடித்துக்கொண்டிருந்த நைட்ரிக் ஆக்சைடு விலகுகிறது, செல்லுக்கு எரிபொருளான ஏடிபியின் உற்பத்தி கூடுகிறது, கொஞ்சம் ஆக்சிஜன் தீவிர மூலக்கூறுகள் உருவாகி செல்லுக்குச் சமிக்ஞை போகிறது. நார்ச்செல்கள் பெருகுகின்றன, கொலாஜன் சேர்கிறது, புது இரத்தக்குழாய்கள் வருகின்றன, வீக்கம் தணிகிறது. இதில் சூட்டுக்குப் பங்கில்லை. ஒழுங்காகச் செய்தால் தோலின் வெப்பம் ஒரு டிகிரி கூட ஏறாது. சூட்டு சிகிச்சையில் தோலை 50 டிகிரிக்குக் கொண்டுபோய் 30 விநாடி நிறுத்துகிறார்கள், அதுவும் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு. லீஷ்மேனியாவுக்கு அந்தச் சூடு ஆகாது. இரண்டும் கருவியின் தோற்றத்தில் ஒன்றுபோல இருந்தாலும் வேலையில் சம்பந்தமே இல்லை.

இங்கே கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. லீஷ்மேனியாவுக்கும் மைட்டோகாண்ட்ரியா இருக்கிறது, ஒன்றே ஒன்று. அதிலும் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் இருக்கிறது. நம் செல்லுக்கு உற்சாகம் தரும் வெளிச்சம் ஒட்டுண்ணிக்கு மட்டும் தராது என்று நினைக்க உயிரியலில் காரணம் இல்லை. மேலும் ஒட்டுண்ணியை அழிப்பது உடம்பின் அழற்சிதான்: நோய் எதிர்ப்பு டி செல்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்க, மேக்ரோஃபேஜ் நைட்ரிக் ஆக்சைடு தயாரித்து உள்ளே இருக்கும் ஒட்டுண்ணியைக் கொல்கிறது. அந்தச் சண்டை நடக்கும்போது வீக்கத்தைத் தணிக்கும் வெளிச்சத்தைக் காட்டுவது யாருக்கு உதவும்? மறுபக்கமும் இருக்கிறது. தென் அமெரிக்காவின் லீஷ்மேனியா பிரேசிலியென்சிஸ் என்ற இனம் உண்டாக்கும் புண்ணில் திசுவைக் கெடுப்பது ஒட்டுண்ணியின் எண்ணிக்கையைவிட மிதமிஞ்சிய அழற்சிதான். அதனால்தான் அங்கே ஒட்டுண்ணியைக் கொல்லும் ஆன்டிமனி மருந்தோடு, அழற்சியைத் தணிக்கும் பென்டாக்ஸிஃபிலின் 400 மில்லிகிராம் நாளுக்கு மூன்று வேளை சேர்த்துப் பார்த்தார்கள். ஆக, தணிப்பது எப்போதும் கெடுதல் என்றும் சொல்ல முடியாது. மருந்தின் பாதுகாப்பு இருக்கும்போது தணிக்கலாம், இல்லாதபோது தணிக்கக் கூடாது என்பதே நான் எடுக்கும் நிலை.

ஆதாரங்களைப் படிக்கும்போது இரண்டு இடத்தில் ஏமாறுவோம். ஒன்று, குடுவையில் செய்த சோதனைகள். குடுவையில் சுலபமாக வளர்வது மணல் ஈயின் குடலில் இருக்கும் வால் முளைத்த உருவம். மனிதத் தோலில் இருப்பது அது அல்ல. வால் உருவம் வெளிச்சத்தில் செத்தது என்றால், மேக்ரோஃபேஜுக்குள் இருப்பதும் சாகும் என்று அர்த்தமில்லை. இரண்டாவது, இந்தப் புண் தானாகவே ஆறக்கூடியது. லீஷ்மேனியா மேஜர் என்ற இனத்தின் புண் பல பேருக்குச் சில மாதங்களில் தானே மூடும். லீஷ்மேனியா டிராபிகா இனத்தின் புண் ஒரு வருடமும் அதற்கு மேலும் எடுக்கும். ஐந்தாவது மாதம் வந்த நோயாளிக்கு ஆறு வாரம் லேசர் காட்டி, ஆறியதும் லேசரால் ஆறியது என்று எழுதினால் ஒப்பீட்டுக் குழு இல்லாமல் அதற்கு மதிப்பே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2010-ல் வெளியிட்ட லீஷ்மேனியா அறிக்கை, புண்ணின் மேலேயே செய்யும் சிகிச்சைகளாகப் பாரோமோமைசின் களிம்பு, புண்ணுக்குள் ஆன்டிமனி ஊசி, சூட்டு சிகிச்சை, திரவ நைட்ரஜன் ஆகியவற்றைச் சொல்கிறது. குறைந்த ஆற்றல் லேசர் அதில் இல்லை. இதைத் துணை வைத்தியம் என்ற இடத்திலேயே வைத்திருப்பதற்கு இது போதும்.

யாருக்குக் காட்டலாம்

முதல் நிபந்தனை, நோய் இன்னதென்று உறுதியாகியிருக்க வேண்டும். விளிம்பில் கீறிய மாதிரியை ஜீம்சா சாயத்தில் பார்த்து, உட்கருவும் அதன் பக்கத்தில் கோடுபோன்ற கைனட்டோபிளாஸ்டும் (அதன் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ திரள்) இரண்டும் தெரிந்தால்தான் லீஷ்மேனியா. ஒன்று மட்டும் தெரிந்தால் சாயத் துகளாகவோ பிளேட்லெட்டாகவோ இருக்கலாம். பழைய புண்ணில் ஒட்டுண்ணி குறைந்துவிடுவதால் கண்ணாடித் தகட்டில் தென்படாமல், மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனையில் மட்டும் தெரியும். லீஷ்மேனியா மாதிரியே தோன்றும் வேறு புண்கள் நிறைய: ஸ்போரோட்ரைகோசிஸ் பூஞ்சை, தோல் காசநோய், ஆழமான பாக்டீரியா புண், தோல் புற்று. கடைசியாகச் சொன்னதுதான் பயமுறுத்த வேண்டியது. செல்லைப் பெருக வைக்கும் வெளிச்சத்தைப் புற்றுப் புண் மேல் காட்டுவது கூடவே கூடாது. வருடக்கணக்கில் ஆறாத புண், விளிம்பு உருண்டு மினுங்கும் புண், தொட்டாலே இரத்தம் வரும் புண் எதுவானாலும் திசு எடுத்துப் பார்க்காமல் லேசரைத் தொட வேண்டாம்.

இரண்டாவது, இனம். இலங்கையில் தோல் புண்ணை உண்டாக்குவது லீஷ்மேனியா டோனோவானி, ராஜஸ்தானின் பிகானேர் பக்கம் டிராபிகா, தென் அமெரிக்காவில் பல இடங்களில் பிரேசிலியென்சிஸ். பிரேசிலியென்சிஸ் பிற்பாடு மூக்கு, வாய்ச் சவ்வுக்குப் போகக்கூடியது என்பதால் புண்ணை மட்டும் பார்த்து உட்கார்ந்திருக்க முடியாது. பெரும்பாலும் உடல் முழுதும் போகும் மருந்து வேண்டியிருக்கும். எங்கே தொற்றியது என்ற பயணக் கேள்வியைக் கேட்காமல் வைத்தியம் ஆரம்பிப்பது பெரிய பிழை.

மூன்றாவது, ஒட்டுண்ணிக்கான சிகிச்சை நடந்திருக்க வேண்டும், அதற்குப் பலனும் தெரிந்திருக்க வேண்டும். புண்ணுக்குள் சோடியம் ஸ்டிபோகுளூகோனேட் போடுகிறார்கள் என்றால், மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் ஆன்டிமனி உள்ள அந்த மருந்தை விளிம்பின் எல்லாப் பக்கமும் வெளுக்கும்வரை ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றிய சில வாரங்களில் விளிம்பு இளகித் தட்டையாகும். சுற்றிலும் புதுப் பருக்கள் கிளம்புவது நிற்கும். இந்த இரண்டும் தெரிந்து, குழி மட்டும் மூடாமல் சோம்பிக் கிடந்தால் லேசரைக் கொண்டுவரலாம். விளிம்பு கல்லாகவே இருந்தால், வெளிச்சத்தைத் தேடாமல் மருந்துப் பக்கம்தான் திரும்ப வேண்டும். சூட்டு சிகிச்சைக்குப் பிறகு சில நாட்கள் நீர் வடிந்து வெந்த புண்ணாக இருக்கும். அந்தக் கட்டத்தில் வெளிச்சம் நன்றாகவே கைகொடுக்கும். ஆன்டிமனி ஊசி போட்ட அன்று காட்ட வேண்டாம். ஊசி ஏற்றிய வீக்கத்தில் புண்ணின் அளவே பொய்யாகத் தெரியும், கணக்கும் பொய்யாகும்.

கணக்கு

இந்த வைத்தியம் வீணாகப் போவதில் பெரும்பங்கு கணக்கில்தான். சூத்திரம் ஒரு வரி: வாட் பெருக்கல் விநாடி, அதைச் சதுர சென்டிமீட்டரால் வகுத்தால் ஜூல்/ச.செ.மீ. ஆறாத புண்ணுக்குப் பொதுவாக 2 முதல் 6 வரை போகிறார்கள். 4-ஐ வைத்துத் தொடங்குவது நியாயமானது.

புண் 3 சென்டிமீட்டர் நீளம், 2 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். நீள்வட்டம் என்பதால் 3 × 2 × 0.785 = 4.7 ச.செ.மீ. அதற்கு 4 ஜூல் வீதம் 18.8 ஜூல். கையில் இருப்பது 100 மில்லிவாட் கருவி என்றால் 188 விநாடி, அதாவது 3 நிமிடம் 8 விநாடி. ஆனால் விளிம்புத் தடிப்பும் ஆற வேண்டும் அல்லவா? சுற்றிலும் அரை சென்டிமீட்டர் சேர்த்தால் 4 × 3 நீள்வட்டம், 9.4 ச.செ.மீ., ஏறத்தாழ 38 ஜூல், 6 நிமிடத்துக்கு மேல். அரை சென்டிமீட்டர் சேர்த்ததும் நேரம் இரட்டிப்பாகிவிட்டதைக் கவனியுங்கள். குழியை மட்டும் அளந்துவிட்டு விளிம்புக்கும் சேர்த்துக் காட்டுபவர்கள் உண்மையில் பாதி அளவுதான் கொடுக்கிறார்கள்.

இதைவிட மோசமான குழப்பம் கருவியின் முனையில் இருக்கிறது. பேனா மாதிரியான பல கருவிகளில் ஒளிமுனையின் பரப்பு 0.03 ச.செ.மீ. மட்டுமே. 100 மில்லிவாட்டை அங்கே 10 விநாடி வைத்தால் 1 ஜூல். அந்தப் புள்ளியைப் பொறுத்தவரை அது 33 ஜூல்/ச.செ.மீ. ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் வைத்து, சுற்றியுள்ள தோலையும் சேர்த்துச் சராசரி போட்டால் 1 ஜூல்/ச.செ.மீ. ஒரே சிகிச்சையை ஒருவர் 1 என்றும் இன்னொருவர் 33 என்றும் எழுதலாம், இரண்டுமே பொய் இல்லை. அதனால் ஆய்வுக் கட்டுரையில் 4 ஜூல் என்று பார்த்ததும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். முனையின் பரப்பு, ஒரு புள்ளிக்கு எத்தனை விநாடி, புள்ளிகளுக்கிடையே எவ்வளவு தூரம், மொத்தம் எத்தனை ஜூல் என்ற நான்கும் சொல்லாத கட்டுரையிலிருந்து அளவைத் திருப்பிச் செய்யவே முடியாது.

இதற்கு எளிய வழி, முனையைப் புண்ணிலிருந்து தூக்கி, ஒளிவட்டம் 1 ச.செ.மீ. ஆகும் தூரத்தில் பிடிப்பது. டையோடு லேசரின் கதிர் தானாகவே விரியும். வெள்ளை அட்டையில் 11 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள வட்டம் வரைந்து, ஒளி அதை நிரப்பும் தூரத்தைக் கண்டுபிடித்து, அந்த நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தாங்கியை முனையில் மாட்டிவிட்டால் கை நடுங்கினாலும் தூரம் மாறாது. இப்போது செறிவு 100 மில்லிவாட்/ச.செ.மீ., ஒரு இடத்துக்கு 40 விநாடி. 4.7 ச.செ.மீ. குழிக்கு ஐந்து இடம், 200 விநாடி. முன்கணக்கோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது.

முனையைத் தோலில் அழுத்தி வைக்கும்போது செறிவு 3,300 மில்லிவாட்/ச.செ.மீ. வரை போகிறது என்பதையும் மறக்க வேண்டாம். மெலனின் நிறைந்த கருந்தோலில், அதிலும் ரோமம் இருக்கும் இடத்தில், அது சுருக்கென்று சுடும். இந்த வைத்தியத்தில் நோயாளிக்கு எதுவுமே தெரியக் கூடாது. சுடுகிறது என்றால் உடனே தூக்க வேண்டும். கருந்தோலுக்கு 660-ஐவிட 800 நானோமீட்டர் பக்கத்து அலைநீளத்தை மெலனின் குறைவாக உறிஞ்சும், ஆழமும் கொஞ்சம் கூடுதலாகப் போகும். மேலோட்டமான குழிக்கு 660 போதும். தடித்த விளிம்புக்கு 808 அல்லது 830 பொருந்தும்.

904 நானோமீட்டர் துடிப்பு லேசர் வைத்திருப்பவர்கள் பெட்டியில் போட்டிருக்கும் 25 வாட் என்ற எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், மகிழவும் வேண்டாம். அது உச்ச ஆற்றல். 200 நானோவிநாடித் துடிப்பு, விநாடிக்கு 1,000 முறை என்றால் சராசரி வெறும் 5 மில்லிவாட். 18.8 ஜூலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். துடிப்பின் வேகத்தை மாற்றினால் சராசரியும் மாறும், கணக்கையும் மறுபடி போட வேண்டும்.

கூடுதலாகக் கொடுத்தால் சீக்கிரம் ஆறும் என்பது இங்கே செல்லாது. தட்டில் வளர்த்துக் கீறிய நார்ச்செல்களில் 5 ஜூல் வளர்ச்சியைத் தூண்டியது, 10-ம் 16-ம் கெடுத்தன. புண் சுருங்கச் சுருங்க நேரத்தையும் சுருக்க வேண்டும் என்பது இதனால் முக்கியம். 3 × 2 புண் 2 × 1 ஆகிவிட்டால் பரப்பு 1.57 ச.செ.மீ., தேவை 63 விநாடி. முதல் நாள் நோயாளியின் சிகிச்சை அட்டையில் எழுதிய 188 விநாடியையே தொடர்ந்து கொடுத்தால் அது 12 ஜூல்/ச.செ.மீ. நன்றாக ஆறிக்கொண்டு வந்த புண் நான்காவது வாரம் திடீரென்று நின்றுவிட்டது என்றால் நான் முதலில் பார்ப்பது இந்த அட்டையைத்தான்.

ஒரு முறை செய்யும் விதம்

நோயாளியையும் சேர்த்து அறையில் இருக்கும் எல்லாரும் லேசர் பாதுகாப்புக் கண்ணாடி போட்ட பிறகுதான் கருவிக்கு மின்சாரம். 5 முதல் 500 மில்லிவாட் வரையுள்ளவை லேசர் பாதுகாப்பு வரிசையில் 3பி வகுப்பு, நேராகக் கண்ணில் பட்டால் விழித்திரை போகும். கண்ணாடியில் அந்த அலைநீளத்துக்கு ஓ.டி. (ஒளியைத் தடுக்கும் திறன்) 4 அல்லது அதற்கு மேல் என்று அச்சிட்டிருக்க வேண்டும். 660-க்கு வாங்கியது 808-க்கு உதவாது. 808-ம் 904-ம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாதவை, கண் சிமிட்டித் தப்பிக்க முடியாது. பளபளக்கும் ஸ்டீல் தட்டு, முகம் பார்க்கும் கண்ணாடி, நோயாளியின் வளையல், கைக்கடிகாரம் எல்லாம் ஓரம் கட்ட வேண்டும். இமை மேலும் கண்குழி ஓரத்திலும் இருக்கும் புண்ணுக்கு இதைச் செய்யவே வேண்டாம். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னால் போதும் என்று நினைக்கக் கூடாது. இமை வழியே சிவப்பு தாராளமாக உள்ளே போகும்.

அடுத்தது பொருக்கு. காய்ந்த பொருக்கின் மேல் காட்டும் வெளிச்சம் பொருக்கோடு முடிந்துவிடும். சலைனில் நனைத்த காஸை 15, 20 நிமிடம் போட்டு வைத்து, இளகியதை மட்டும் எடுக்க வேண்டும். பிடித்து இழுத்தால் அடியில் வந்துகொண்டிருக்கும் புதுத் தோலும் சேர்ந்து வரும். பிறகு சலைனில் கழுவி, ஒற்றி எடுக்க வேண்டும். இரத்தம் கசிந்தால் நிற்கும்வரை காத்திருக்கவும், இரத்தம் வெளிச்சத்தை விழுங்கிவிடும். போவிடோன் அயோடின், ஜென்ஷன் வயலட், சில்வர் களிம்பு எதுவும் புண்ணில் மிச்சம் இருக்கக் கூடாது. மெத்திலீன் நீலம் தடவிய புண் மேல் 660 காட்டுவது தனி ஆபத்து. அந்தச் சாயம் சரியாக அந்த நிறத்தையே உறிஞ்சி, செல்லைக் கொல்லும் ஆக்சிஜனை உண்டாக்கும். ஆற வைக்கப் போன இடத்தில் வேறு வைத்தியம் நடந்துவிடும்.

முனை புண்ணைத் தொடுவதானால் மெல்லிய ஒளிபுகு படலத்தால் போர்த்த வேண்டும், ஒவ்வொருவருக்கும் புதிது. சுத்தமான படலத்தின் இரண்டு பரப்பிலுமாக ஏறத்தாழ 8 சதவீதம் வெளிச்சம் திரும்பிப் போகும். சுருங்கி இரண்டு மடிப்பாகிவிட்டால் இன்னும் கூடும். ஆற்றல்மானி முன்னால் முனையைப் படலம் இல்லாமல் ஒரு முறை, படலத்தோடு ஒரு முறை பிடித்துப் பார்த்தால் வித்தியாசம் முள்ளில் தெரியும். 100 காட்டியது 91 என்றால் நேரத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்ட வேண்டியதுதான். மாதம் ஒரு முறையாவது இந்தச் சோதனை தேவை. டையோடு வயதாக ஆக மங்கும், பேட்டரி இறங்கினாலும் மங்கும், கண்ணுக்கு அதே சிவப்பாகத்தான் தெரியும்.

முனையைத் தோலுக்குச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும், சாய்த்தால் கணிசமான வெளிச்சம் வழுக்கிப் போகும். குழிக்குத் தொடாமல், விளிம்புக்கு வெளியே நல்ல தோலில் தொட்டு, ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் சுற்றி வர வேண்டும். 3 × 2 புண்ணின் சுற்றளவு 8 சென்டிமீட்டர் என்பதால் எட்டு, ஒன்பது புள்ளிகள் வரும். களிம்பு, கட்டு எல்லாம் வெளிச்சத்துக்குப் பிறகுதான். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, நடுவில் குறைந்தது ஒரு நாள் இடைவெளி. தினமும் செய்வதால் கிடைப்பது ஒன்றுமில்லை, ஜூல்தான் சேரும்.

ஒவ்வொரு வாரமும் அளவுகோலை வைத்து ஒரே தூரத்தில் படம் எடுக்க வேண்டும். புண்ணின் நீளம், அகலம் போலவே தடிப்பின் நீளம், அகலத்தையும் தனியாக எழுத வேண்டும். புண் சுருங்கி, தடிப்பு சுருங்காமல் நின்றால் அது முதல் எச்சரிக்கை. விளிம்பில் புதுப் பரு, கை கால் மேலேறும் முடிச்சு வரிசை, நெறிக்கட்டி இவையும் அப்படியே. இவற்றில் எது வந்தாலும் வெளிச்சத்தை நிறுத்தி, மறுபடி மாதிரி எடுத்து, மருந்தைப் பற்றி மருத்துவரோடு பேச வேண்டும். இரண்டு வாரம் செய்தும் அளவு அசையவில்லை என்றாலும் நிறுத்திவிட்டு யோசிப்பதே சரி. திடீரென்று வலி, மஞ்சள் சீழ், நாற்றம், சுற்றிலும் சூடு என்றால் பாக்டீரியா ஏறிவிட்டது. லீஷ்மேனியா புண் சாதாரணமாக வலிக்காது என்பதால் வலியே போதுமான தடயம். காலில் இருக்கும் புண் மட்டும் ஆறாமல் கிடந்தால் நீர்க்கட்டு, இரத்த ஓட்டம், சர்க்கரை இந்த மூன்றையும் பார்க்காமல் லேசர் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவது வீண்.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் தீர்த்துவிடலாம். ஒளிச்சாய சிகிச்சையில் முதலில் மெத்தில் அமினோலெவுலினேட் போன்ற களிம்பைப் பூசி 3 மணி நேரம் மூடி வைத்து, பிறகு 630 நானோமீட்டர் பக்கத்துச் சிவப்பை 37 ஜூல்/ச.செ.மீ. கொடுக்கிறார்கள். நம் அளவைவிட ஒன்பது மடங்கு, வலியும் உண்டு. அது அழிக்கும் சிகிச்சை. அதிலும் லீஷ்மேனியா தானாக அந்தக் களிம்பைச் சாயமாக மாற்ற வல்லது இல்லை. அந்த மாற்றத்தைச் செய்யும், ஹீம் என்ற மூலக்கூறைத் தயாரிக்கும் வேதித் தொடர் அதனிடம் முழுசாக இல்லை. ஒட்டுண்ணி குடியிருக்கும் மேக்ரோஃபேஜ் சாவதால்தான் அதுவும் சாகிறது. 10,600 நானோமீட்டர் கார்பன் டையாக்சைடு லேசர் திசுவை ஆவியாக்கும் கத்தி. புண் ஆறிய பிறகு தழும்பைச் சமப்படுத்தவும் அதைத்தான் புள்ளி புள்ளியாகப் பயன்படுத்துகிறார்கள். லேசர் என்று சீட்டில் எழுதியிருந்தால் இந்த மூன்றில் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆறிவிட்டது என்று எப்போது சொல்லலாம்? சிகிச்சை தொடங்கிய 90-ம் நாள் குழி முழுக்கத் தோல் மூடியிருக்க வேண்டும், 180-ம் நாள் மறுபடி திறக்காமல் இருக்க வேண்டும். ஆறிய தழும்பிலும் ஒட்டுண்ணியின் மரபணு பிசிஆரில் தென்படலாம் என்பதால், அதை மட்டும் வைத்து மறுபடி மருந்து தொடங்குவதில்லை. தழும்பின் ஓரத்தைத்தான் பார்க்க வேண்டும். டிராபிகா தொற்றில் நடு ஆறிவிட்டு, ஓரத்தில் பழுப்புச் சிவப்பு நிறத்தில் சின்னச் சின்னப் பருக்கள் வருடங்கள் கழித்தும் கிளம்பும். பிரேசிலியென்சிஸ் தொற்றியவர் என்றால் ஒவ்வொரு வருகையிலும் மூக்கடைப்பு, மூக்கில் இரத்தம், குரல் மாற்றம் உண்டா என்று கேட்டு, டார்ச் அடித்து மூக்கின் நடுச்சுவரைப் பார்த்துவிட்டே அனுப்ப வேண்டும்.